இரண்டாவது குப்பி

மூக்கக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் அவள் தம்பி. அப்போது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பத்து. அலமாரியின் மேல்தட்டில், இறுக மூடிய தகர டப்பாவுக்குள் அவன் பதுக்கி வைத்திருந்த பிஸ்கட்டை அவள் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டாள். "இது அக்கா இல்ல, மூக்கக்கா!" என்று அவன் அழுதான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மூக்கே பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. நகராட்சிக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. இப்போது தலைமைப் பரிசோதகர். கருவி எண்களைக் காட்டுவதற்கு முன்பே அவள் குடுவையை மூக்கருகே கொண்டுபோய், "இது மூணாம் நம்பர் தொட்டித் தண்ணி, பாசி பிடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்லிவிடுவாள். எண்கள் அரை மணி நேரம் கழித்து அதையே சொல்லும். வீட்டில் அந்த மூக்கால் நிம்மதி இழந்தவர் அவள் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு சிகரெட்டைக் கடையின் பின்கட்டில் பிடித்துவிட்டு, நான்கு தெரு சுற்றி, வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வந்தார். "எந்த பிராண்டு?" என்று கேட்டாள் அவள். அதோடு விட்டுவிட்டார்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவர் ஒரு உறையை நீட்டினார். உள்ளே இரண்டு டிக்கெட்டுகள். சனிக்கிழமை மதியம், ஊரிலுள்ள நாலு சிறிய பீர் ஆலைகளை நடந்தே சுற்றிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ருசி பார்க்கும் உலா.

"பீர் குடிக்கற ஊர்வலமா? எனக்கா?"

"குடிக்க வேணாம். மோந்து பாரு. ஓசியில ஊரையே மோந்து பாக்கறே, ஒரு நாள் டிக்கெட் வாங்கி மோந்து பாரேன்."

அவள் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். நாலாவது இடம் தம்பியின் ஆலை. மடித்து மேசை மேல் வைத்தாள். கணவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அதுல அப்படித்தான் அச்சடிச்சிருக்காங்க, நான் என்ன பண்ண?" என்றார்.

ஒன்பது வருடத்துக்கு முன் தம்பி காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு பீர் காய்ச்சப் போவதாகச் சொன்னபோது, "புளிச்ச தண்ணி காய்ச்சறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று கேட்டவள் அவள். அவன் சண்டை போடவில்லை. அவள் காய்ச்சலில் படுத்தால் அவன் வந்தான். அவன் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது இவள் பத்து நாள் கூடவே இருந்தாள். ஆனால் பீர் என்ற சொல் இருவருக்கும் நடுவில் வந்ததே இல்லை. அவன் ஆலையின் படியை அவள் மிதித்ததும் இல்லை.

"சரி, போவோம்" என்றாள்.

உலாவை நடத்தியவர் ஒரு நெட்டைப் பெண்மணி. முன்பு தபால் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்பதால் ஊரில் அவருக்குத் தெரியாத சந்து இல்லை. இவர்களைத் தவிரக் கூட்டத்தில் பதினாலு பேர். முதலில் போனது ஒரு பழைய அச்சகக் கட்டடம். சுவரில் இன்னும் மை படிந்திருந்தது. கலங்கலான மஞ்சள் நிறத்தில் கோதுமை பீர் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் வந்தது.

"குடிக்கறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க. என்ன தெரியுது?" என்றார் நெட்டைப் பெண்மணி.

"பீர் வாசனை" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

மூக்கக்கா குவளையை ஒரு சுழற்று சுழற்றி மூக்கின் கீழ் பிடித்தாள். "நல்லாப் பழுத்த வாழைப்பழம். அது போனப்புறம் கிராம்பு."

கல்லாவின் பின்னாலிருந்து பீர் காய்ச்சுகிற பெண்ணே எட்டிப் பார்த்தாள். "யாருங்க அது சொன்னது? கோதுமை பீருன்னா அப்படித்தாங்க வரணும். ஈஸ்ட் செய்யற வேலை. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை காஞ்சு போச்சு!"

கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார், ஏதோ அவர் மூக்கு என்பது போல. மூக்கக்கா ஐம்பத்தோரு வயதில் முதல் மிடறு பீரைக் குடித்தாள். குளிர்ச்சியும் லேசான புளிப்பும் நாக்கில் பரவி, சுவடில்லாமல் போயின. பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல், தொழில் பழக்கத்தில், "தண்ணி எங்கேருந்து எடுக்கறீங்க?" என்று கேட்டாள். சொந்த ஆழ்துளைக் கிணறு என்றாள் அந்தப் பெண்.

இரண்டாவது, ஊரிலேயே பெரியது. கண்ணாடிச் சுவர், ஆளுயர எஃகுத் தொட்டிகள். ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் பீர்ப் போட்டியில் நாலு வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கிய ஆலை. அங்கே தந்த கறுப்பு பீரில் மூக்கக்கா கருகிய ரொட்டி ஓரத்தையும் வறுத்த காப்பிக்கொட்டையையும் கண்டாள். தண்ணீருக்கு அவர்களிடம் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையமே இருந்தது. இதற்குள் கூட்டம் அவளைச் சுற்றி நிற்கப் பழகிவிட்டது. குவளை வந்தால் அவரவர் மூக்கை நம்பாமல் இவள் முகத்தைப் பார்த்தார்கள்.

மூன்றாவது ஒரு பழைய லாரிப் பட்டறை. முதலாளி, மார்பு வரை தாடி வளர்த்தவர். செந்நிற பீர் தந்தார். மூக்கக்கா முகர்ந்தாள். மூக்கு சுருங்கியது. புண்ணில் ஒட்டும் பிளாஸ்திரியை உறையிலிருந்து பிரித்தால் வருமே, அந்த வாசனை. மிக லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல். வாயைத் திறந்தாள். கணவர் அவள் காலை மிதித்தார்.

"வேத்து மனுஷங்க கடை. சும்மா இரு" என்று முணுமுணுத்தார்.

அவள் "தண்ணி எது?" என்று மட்டும் கேட்டாள்.

"குழாய்த் தண்ணிதாங்க. கரி வடிகட்டியில விட்டுத்தான் எடுக்கறேன்" என்றார் தாடிக்காரர்.

நாலாவது ஆலை, டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில். தரை அப்போதுதான் கழுவியதுபோல் பளபளத்தது. பின்பக்கம் மூன்று எஃகுத் தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகையில் தேதியும் வெப்பநிலையும் சாக்பீஸால் எழுதப்பட்டிருந்தன. கடைசி ஆளாக உள்ளே வந்தவளைப் பார்த்ததும் தம்பி கையிலிருந்த குழாயை அப்படியே கீழே போட்டான்.

"அக்கா!"

அவன் மனைவி கல்லாவிலிருந்து ஓடி வந்து, "வாங்க அண்ணி, உக்காருங்க, இங்க உக்காருங்க" என்று தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே இழுத்துப் போட்டாள். தம்பி மற்ற எல்லாரையும் மறந்துவிட்டு, ஒரு குவளையை இரண்டு முறை கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தானே பிடித்து வந்தான். தேன் நிற பீர். நுரை ஒரு விரல் உயரம்.

"எப்படிக்கா இருக்கு?"

அதற்குள் அவன் மனைவி மற்றவர்களுக்கும் பிடித்துக் கொடுத்திருந்தாள். பதினாலு பேரும் மூக்கக்காவின் வாயைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருடமாக உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரி வாசனை வருதுடா."

ஒரு அம்மாள், "அட ஆமா! நானும் என்னடா இதுன்னு பாத்தேன்" என்று குவளையைக் கீழே வைத்தார். அடுத்தவரும் வைத்தார். பதினாலு குவளைகள், பெரும்பாலும் நிறைந்தபடி, மேசை மேல் நின்றன.

தம்பியின் முகம் இறுகியது. "ஒம்பது வருஷம் கழிச்சுப் படியேறி வந்தே. இதைச் சொல்றதுக்குத்தான் வந்தியா?" என்று மெல்லிய குரலில் கேட்டான். பதிலுக்கு நிற்காமல் பின்பக்கம் போய்விட்டான்.

மூக்கக்காவுக்குத் தரையோடு தரையாகப் போய்விடலாம் போலிருந்தது. வாசல் வரை வந்த தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னது சரிதான் அண்ணி. ரெண்டு மாசமா கிளாஸெல்லாம் பாதியோட திரும்பி வருது. வாடிக்கையா வர்றவங்க ரெண்டாவது கிளாஸ் கேக்கறதில்ல. நான் சொன்னா அவர் நம்ப மாட்டேங்கறார். நாள் முழுக்க இதுலயே நிக்கற மனுஷன், அவர் மூக்குக்கு அது பழகிப் போச்சு போல."

திரும்பும்போது பேருந்தில் கணவர் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் காதில் விழவில்லை. அவள் விரல்கள் மடிந்து மடிந்து விரிந்தன. நாலு ஆலை. கிணற்றுத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் வாசனை இல்லை. சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் இடத்தில் இல்லை. தாடிக்காரர் கடையில் இருக்கிறது. தம்பி கடையில் இருக்கிறது. இருவரும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பீர். இருவருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. குழாய்த் தண்ணீர்.

ரெண்டு மாசமா, என்றாளே.

மூக்கக்கா முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஊர் விரிந்துகொண்டே போனதால் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் குளோரின் ஆவியாகிப் போகிறது என்று, இரண்டு மாதத்துக்கு முன்தான் நகராட்சி குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைனுக்கு மாறியிருந்தது. அது நீண்ட நேரம் தண்ணீரிலேயே தங்கும். குடிப்பவர்களுக்குக் கெடுதல் இல்லை. சிலருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிய வேண்டும்; அவர்களுக்குக் கடிதம் போடப் பட்டியல் தயாரித்தவள் அவளே. ரத்தம் சுத்திகரிக்கும் மருத்துவமனைகள். வண்ணமீன் விற்கும் கடைகள், அந்தத் தண்ணீரில் மீன் செத்துப்போகும் என்பதால். ஒன்றுவிடாமல் யோசித்துப் போட்ட பட்டியல் என்று மேலதிகாரி பாராட்டினார்.

"என்னாச்சு? ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" என்றார் கணவர்.

"தப்பு என் தம்பி மேல இல்லீங்க. என் மேல."

மறுநாள் ஞாயிறு. காலை எட்டு மணிக்கு அவள் பரிசோதனைப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பி ஆலையின் மூன்று படிகளை ஏறினாள். கணவர் பின்னாலேயே வந்தார். தம்பி தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் தண்ணியைப் பாக்கணும்டா."

"என் தண்ணிக்கு ஒண்ணும் இல்ல. தினமும் பாக்கறேன்." ஈரக் கையோடு அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்து, வடிகட்டிய தண்ணீரில் தோய்த்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாத்துக்கோ. குளோரின் சுத்தமா இல்ல. சைபர். போன மாசம்தான் வடிகட்டியும் மாத்தினேன். வேற என்ன பண்ணச் சொல்றே?"

"நீ பண்ணினது எல்லாமே சரி" என்றாள் அவள். பெட்டியைத் திறந்து இரண்டு சிறிய கண்ணாடிக் குப்பிகளை எடுத்தாள். இரண்டிலும் அதே தண்ணீரைப் பிடித்தாள். முதல் குப்பியில் ஒரு பொடியைப் போட்டுக் குலுக்கினாள். தண்ணீர் தெளிவாகவே நின்றது.

"உன் பட்டை இதைத்தான் பாக்குது. தனிக் குளோரின். அது இல்ல. இப்ப இதைப் பாரு."

இரண்டாவது குப்பியில் அதே பொடியோடு இன்னொரு மாத்திரையையும் போட்டாள். குலுக்கினாள். மேசை மேல் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து மெல்ல ஒரு சிவப்பு கிளம்பி, சுழன்று, குப்பி முழுவதும் ரோஜா நிறமானது.

தம்பி குனிந்தான். அவன் மனைவி துடைத்துக்கொண்டிருந்த குவளையோடு அருகில் வந்து நின்றாள்.

"என்னக்கா இது?"

"குளோரமைன். உன் பட்டைக்கு அது தெரியாது. உன் வடிகட்டியில தண்ணி ஓடற வேகத்துக்கு அது பாதிக்குப் பாதி தப்பிச்சு வந்துடும். தானியத்தோட சேர்ந்து கொதிச்சா பிளாஸ்திரி வாசனை. ஒரு குளத்துல ஒரு சொட்டு இருந்தாக்கூடப் போதும், மூக்குக்குத் தெரியும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ரெண்டு மாசம் முன்னாடி நாங்கதான் மாத்தினோம். யார் யாருக்குச் சொல்லணும்னு பட்டியல் போட்டது நான். ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். மீன் கடைக்குப் போட்டேன்."

தம்பி அவளையே பார்த்தான். "மீனுக்கு லெட்டர் போட்டே. எனக்குப் போடலையா?"

கணவர் சட்டென்று சுவரிலிருந்த பலகையைப் படிக்க ஆரம்பித்தார்.

"போடல" என்றாள் மூக்கக்கா. "மறந்துட்டேன்னு சொன்னா அது பொய். மீன் விக்கறது ஒரு வேலைன்னு எனக்குத் தோணிச்சு. நீ செய்யறது ஒரு வேலைன்னு தோணல. அதான் நிஜம். தண்ணியை வெச்சே பொழைக்கற என் தம்பி என் ஞாபகத்துக்கே வரல."

தம்பி குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவன் தோள்கள் தளர்ந்தன.

"ரெண்டு மாசமா எனக்குக் கை மறந்து போச்சோன்னு நெனச்சேன்க்கா" என்றான். "என் கைதான் கெட்டுப்போச்சோன்னு. காய்ச்சறதையே விட்டுடலாமான்னு கூட நெனச்சேன்."

"உன் கைக்கு ஒண்ணும் இல்லடா."

தம்பி மனைவி குவளையைத் தட்டென்று வைத்தாள். "அழுவறதை அப்புறம் வெச்சுக்கலாம். போட்டிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு. முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

தம்பி மனக்கணக்குப் போட்டான். காய்ச்ச ஒரு நாள். ஈஸ்ட் வேலை செய்ய இரண்டு வாரம். குளிரில் தெளிய ஒரு வாரம். "முடியும். ஆனா தொட்டி காலியா இருக்கணும்."

மூன்று தொட்டியும் நிறைந்திருந்தன. அவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, தானே குனிந்து முதல் வால்வைத் திறந்தான். தேன் நிற பீர் நுரைத்துக்கொண்டு தரைக் கால்வாயில் ஓடியது. இரண்டாவதைத் திறந்தான். மூன்றாவதின் முன்னால் கொஞ்சம் நின்றான். மூக்கக்கா பக்கத்தில் போய் அவன் கை மேல் தன் கையை வைத்தாள். இருவருமாகத் திருகினார்கள்.

வைத்தியம் என்று பார்த்தால் அது அற்பம். பழரசம் கெடாமல் இருக்கப் போடுகிற ஒரு வெள்ளைப் பொடி. ஆயிரம் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. அதைக் கலக்கிச் சில நிமிடம் கழித்து அவள் மறுபடி இரண்டாவது குப்பியைக் குலுக்கினாள். நிறம் வரவில்லை. "இவ்வளவுதானா?" என்று தம்பி கேட்டான். கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து அவன் மனைவிக்கும் சிரிப்பு வந்தது.

அன்று மாலையே மூக்கக்கா லாரிப் பட்டறைக்குக் கிளம்பினாள். தம்பி குறுக்கே நின்றான்.

"தாடிக்காரர்கிட்டயா? அக்கா, அவர் நம்ம போட்டி ஆளு!"

"தண்ணி ஊருக்குப் பொதுடா."

அவன் முறைத்தான். பிறகு வழிவிட்டான். "போறதுதான் போறே, பொடியையும் கையோட எடுத்துட்டுப் போ. அந்தாளு தேடி அலையப் போறார்."

தாடிக்காரர் முதலில் நம்பவில்லை. அவர் முன்னாலும் குப்பி சிவந்தது. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தாடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "இந்த வாசனைக்கு நான் மால்ட்டுப் பார்லி விக்கறவனைப் போட்டுத் திட்டினேனே" என்று புலம்பினார்.

திங்கட்கிழமை மூக்கக்கா அலுவலகத்துக்குப் போய் மேலதிகாரியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். குழாய்த் தண்ணீரில் பீர் காய்ச்சும் எல்லாருக்கும் மதியத்துக்குள் கடிதம் போனது. அதன்பின் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராகத் தம்பி ஆலைக்கு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சினார்கள். முளைகட்டி வறுத்த பார்லியை அரைத்து வெந்நீரில் கொட்டியபோது கூடம் முழுக்கச் சூடான ரொட்டி மணம் எழுந்தது. தம்பி வெப்பமானியை விட்டு நகரவில்லை. அறுபத்தாறு டிகிரி. அறுபத்தேழு ஆனதும் அடுப்பைக் குறைத்தான். அறுபத்தைந்தரை ஆனதும் கூட்டினான். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் நோட்டில் எழுதினான். அலமாரியில் அதுபோல் முப்பத்தேழு நோட்டுகள் இருந்தன. மூக்கக்கா ஒன்றை எடுத்துப் புரட்டினாள். ஒன்பது வருடத்தில் காய்ச்சிய ஒவ்வொரு தொட்டியும், ஒவ்வொரு டிகிரியும், ஒவ்வொரு தவறும் அவன் கையெழுத்தில் இருந்தன. அடித்தல் திருத்தல் இல்லை. தன் பரிசோதனைக் கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமான பதிவேடு கிடையாது என்று அவளுக்குப் பட்டது.

"நீ லேபுக்கு வந்திருக்கலாம்டா" என்றாள்.

"நீ இங்க வந்து பாத்திரம் கழுவலாம். ஆள் பத்தல."

கழுவினாள். கணவரும் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஈரத் தானியத்தை வாரிக் கொட்டினார். கொதிக்கும் சாறில் தம்பி கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவைத் தூவியபோது பச்சை இலையும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்தாற்போல் ஒரு மணம் முகத்தில் அடித்தது. மூக்கக்கா கண்ணை மூடி அதை உள்ளே இழுத்தாள். பிளாஸ்திரியின் நிழல்கூட இல்லை.

பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை வேலை முடிந்து வருகிற வழியில் தொட்டியிலிருந்து கொஞ்சம் பிடித்து முகர்ந்து பார்ப்பாள். ஒன்பதாம் நாள் முகர்ந்தவள் அலறினாள்.

"வெண்ணெய்! வெண்ணெய் நாத்தம் அடிக்குதுடா! போச்சு, எல்லாம் போச்சு!"

தம்பி நிதானமாகக் கையைத் துடைத்தான். "போகல. ஈஸ்ட் பாதி வேலையில இருக்கு. முதல்ல வெண்ணெய் வாசனையை உண்டு பண்ணும், அப்புறம் அதுவே தின்னுடும். அவசரப்பட்டுத் தொட்டியைக் குளிர வெச்சாத்தான் அது அப்படியே நின்னுடும். ரெண்டு நாள் விடு."

"நிச்சயமா?"

"அக்கா. தண்ணி உன் பாடு. இது என் பாடு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து வந்து முகர்ந்தபோது வெண்ணெய் இல்லை. ரொட்டி ஓரமும் தேனும், கடைசியில் அந்த எலுமிச்சைத் தோலும் மட்டும் இருந்தன. அவள் ஒன்றும் சொல்லாமல் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அதுதான் சான்றிதழ்.

போட்டி ஒரு பழைய சரக்குக் கிடங்கில் நடந்தது. பதினொரு ஆலைகள். எந்த பீர் யாருடையது என்று நடுவர்களுக்குத் தெரியாது. குவளைகளில் எண் மட்டும். ஏழு நடுவர்கள் நீண்ட மேசையில் வரிசையாக உட்கார்ந்து முகர்ந்தார்கள், குடித்தார்கள், எழுதினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "நம்ம நம்பர் என்ன?" என்று மனைவியிடம் நாலாவது தடவையாகக் கேட்டான்.

"ஏழு. இன்னொரு தடவை கேட்டீங்கன்னா நெத்தியில எழுதிடுவேன்."

தலைமை நடுவர் மைக்கைத் தட்டினார். மூன்றாம் பரிசு, இரண்டாம் எண். தாடிக்காரர் போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்தவர் குவளை கவிழ்ந்தது. இரண்டாம் பரிசு, பத்தாம் எண். நாலு வருடமாக ஜெயித்த கண்ணாடிச் சுவர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதல் பரிசு" என்று நடுவர் நிறுத்தினார். "இந்த பீரைப் பத்தி நாங்க ஏழு பேரும் தனித்தனியா எழுதினதுல ஒரு வார்த்தை ஏழு தாள்லயும் இருந்துச்சு. 'சுத்தம்.' ஒளிஞ்சுக்கறதுக்கு இடமே இல்லாத பீர் இது. ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். ஒரு தப்புகூட இல்ல. ஏழாம் எண்!"

தம்பி அசையவில்லை. அவன் மனைவிதான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஏழுங்க! நாமதான்! ஏழு!" அடுத்த நொடி தாடிக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவனை அப்படியே இடுப்போடு தூக்கிவிட்டார். "இறக்குங்க, இறக்குங்க" என்று அவன் கத்தக் கத்த, மேடை வரை தூக்கிக்கொண்டே போனார். மூக்கக்காவின் கணவர் விசிலடித்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மேடையில் தம்பி கோப்பையை வாங்கினான். மைக் முன்னால் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமினான்.

"எங்கக்கா எல்லார் முன்னாடியும் என் பீர்ல ஆஸ்பத்திரி வாசனை வருதுன்னு சொன்னா. அன்னிக்கு அவ மேல எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. அவ பொய் சொல்லியிருந்தா இன்னிக்கு நான் இங்க நிக்க மாட்டேன். அக்கா, மேல வா."

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். கணவர் ஒரு பக்கமும் தம்பி மனைவி ஒரு பக்கமுமாகத் தள்ளினார்கள். மேடை ஏறியவளிடம் தம்பி கோப்பையைக் கொடுத்தான். கிடங்கே அதிர்ந்தது. மூக்கக்கா மைக்கைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே கிடையாது.

"என் தம்பி பீர் காய்ச்சறான்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் உரக்கச் சொன்னாள். "அதான் அவன் வேலை. இந்த ஊர்ல அதை அவனை விட நல்லா செய்யறவன் யாரும் இல்ல!"

தம்பி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

கீழே இறங்கியதும் அவளால் நகர முடியவில்லை. கோதுமை பீர்ப் பெண் தன் குவளையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு ஆலைக்காரர்கள், ஆளுக்கொரு குவளையோடு. "இதைக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்களேன்." அவள் ஒவ்வொன்றாக முகர்ந்து ஒவ்வொருவருக்கும் உள்ளதைச் சொன்னாள். ஒருவர் முகம் வாடியது, ஒருவர் துள்ளிக் குதித்தார். கண்ணாடிச் சுவர் ஆலையின் முதலாளியும் கடைசியில் வரிசையில் வந்து நின்றார். அவருடையதில் குறையே இல்லை. அதையும் அப்படியே சொன்னாள். "அப்புறம் எப்படிங்க தோத்தோம்?" என்று கேட்டார் அவர். "உங்களுது நல்லா இருக்குங்க. அவனுது அதைவிட நல்லா இருக்கு" என்றாள். அவர் தலையை ஆட்டி, சிரித்து, அவளிடம் கை குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆலையைத் திறக்க வேண்டும். பத்து மணிக்கே வரிசை டயர் கடையைத் தாண்டி முக்கு திரும்பிவிட்டது. டயர் கடைக்காரர் தன் கடையிலிருந்த நாற்காலிகளையெல்லாம் வெளியே போட்டுவிட்டு, வரிசையில் தானும் ஒரு இடம் பிடித்துக்கொண்டார். தம்பி மனைவி குவளைகளைக் கழுவக் கழுவ அவை தீர்ந்துகொண்டே இருந்தன. திரும்பி வந்தவற்றில் நுரையைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. மூக்கக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பீர் பிடித்து நீட்டினாள். அவள் கணவர் வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று எல்லாரிடமும் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்குக் கடைசித் தொட்டி களுக் களுக்கென்று சத்தம் போட்டு நின்றது. தம்பி வாசலில் வந்து நின்றான். தெருவில் இன்னும் அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். அவன் இரண்டு கையையும் விரித்தான்.

"மன்னிச்சுக்கணும். ஒரு சொட்டுக்கூட இல்லீங்க. எல்லாம் தீர்ந்துபோச்சு!"

தெருவே கைதட்டியது.